‘4 பேர், 3000 மி.மீ., 0 டிகிரி’: கேம்பிங் காம்போ வாங்கப் போகிறவர்களுக்கு

8,999 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய ‘ஃபேமிலி கேம்பிங் காம்போ’. நாலு பேர் டென்ட் ஒன்று, ஸ்லீப்பிங் பேக் இரண்டு, மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக் ஒன்று. அக்டோபர் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தனியார் தோட்டத்தில், உரிமையாளர் அனுமதியோடு அடித்த முதல் ராத்திரியே மழை. பதினோரு மணிக்கு மூலையில் ஈரம், ஒரு மணிக்கு நடுவில் குட்டை, மூன்று மணிக்கு எல்லோரும் காருக்குள். நடந்தது அவ்வளவுதான். கீழே வந்தபின் ஒவ்வொரு பொருளையும் பிரித்து, அளந்து, எடை போட்டதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் தேதிக் கணக்கு. பார்சல் வந்த நாளுக்கும் டென்ட்டைப் பிரித்த நாளுக்கும் நடுவே 23 நாள். ரிட்டன் கெடு 7 நாள். இந்தச் சரக்கு ஓடுவதே இந்த இடைவெளியில்தான். லீவுக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் போடுவோம், பை அழகாக இருக்கிறதே என்று பரண்மேல் வைத்துவிடுவோம், மலையில் போய்த்தான் ஜிப்பைத் திறப்போம். அதற்குள் கெடு முடிந்திருக்கும். பார்சல் வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்திருந்தால் கீழே சொல்லும் எல்லாமே அரை நாளில் தெரிந்திருக்கும்.

நாலு பேர் என்பதிலிருந்து தொடங்கலாம். பெட்டியில் 200 × 200 செ.மீ. என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு 50 செ.மீ. வருகிறது, ஒடுக்கமான ஒரு பாயின் அகலம். டேப் வைத்து அளந்தால் உள்தரை 192 × 194. குடை மாதிரி வளைந்த டோம் டென்ட்டின் சுவர் தரையிலிருந்தே உள்பக்கம் சாய்வதால் 175 செ.மீ. உயரமுள்ள ஒருவர் தலையணை வைத்துப் படுத்தால் தலையும் பாதமும் துணியைத் தொடும். தொட்ட இடத்தில் வெளி ஈரம் உள்ளே இறங்கும். பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து எப்போதும் ஒன்றைக் கழியுங்கள். பைகளும் உள்ளேதான் இருக்கும் என்றால் இரண்டைக் கழியுங்கள். இது நல்ல கம்பெனி டென்ட்டுக்கும் பொருந்தும், இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றுதான்.

அடுத்து ‘3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப்’. துணிமேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர்த்தூண் நின்றால் கசியத் தொடங்கும் என்பதற்கான சோதனை எண் இது. மேல்துணிக்கு 1500 உண்மையாகவே இருந்தால் நம் ஊர் மழைக்குப் போதும். தரைக்குத்தான் அதிகம் வேண்டும். 60 கிலோ ஆள் முழங்காலிட்டால் இரண்டு முழங்காலும் பதியும் பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அழுத்தம். அது ஆறு மீட்டர் தண்ணீர்த்தூணுக்குச் சமம், அதாவது 6000 மி.மீ. மழையில் தரை முதலில் கசிவது முழங்காலும் முழங்கையும் பதிந்த இடத்தில் என்பதற்குக் காரணம் இதுதான்.

விற்பனைப் பக்கம் 3000 என்றது. பொருளில் தைத்திருந்த லேபிளில் எண்ணே இல்லை. ‘190T சில்வர் கோட்டட்’ என்று மட்டும் இருந்தது. 190T என்பது நெசவின் நெருக்கம், ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாகச் சேர்ந்த இழை எண்ணிக்கை. தண்ணீர் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில்வர் பூச்சு வெயிலைத் தடுக்க அடிப்பது; பகலில் உள்ளே இருட்டாக இருக்கும், அவ்வளவே. ஈரத்துணியால் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம், துணியில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டு வந்தது. மடிப்பு விழுந்த கோடுகளில் பூச்சு முன்பே வெடித்திருந்தது.

ஆனால் தண்ணீர் வந்த முக்கிய வழி துணியே அல்ல, தையல். நல்ல டென்ட்டில் மேல்துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு தையல்மேலும் ஏறக்குறைய இரண்டு செ.மீ. அகலத்துக்குக் கண்ணாடி போன்ற டேப் ஒட்டியிருக்கும். இதில் ஒரு அங்குலத்துக்கும் கிடையாது. டென்ட்டுக்குள் உட்கார்ந்து வெயிலை நோக்கிப் பார்த்தால் தையல் நெடுக ஊசித்துளைகள் வரிசையாக மின்னும். துணி 3000 தாங்கினாலும் 30,000 தாங்கினாலும் துளை துளைதான்.

பிறகு மேல்மூடி. படத்தில் டென்ட் முழுக்க மூடியிருக்கிறது. வந்ததோ உச்சியில் வலைப்பகுதியை மட்டும் மறைக்கும் ஒரு தொப்பி. மழை செங்குத்தாக விழும்வரை இது சரி. மலையில் காற்றோடு சாய்ந்துதானே அடிக்கும்? நல்ல மூடி நாலு பக்கமும் தரைக்கு ஒரு சாண் மேல்வரை இறங்க வேண்டும். உள்டென்ட்டைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். கயிறு தளர்ந்து மூடி உள்துணியில் ஒட்டினால் நல்ல டென்ட்டும் கசியும்.

வீட்டில் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டென்ட்டை அடித்து, உள்ளே நாலு மூலையிலும் நடுவிலும் செய்தித்தாள் விரித்து, வெளியிலிருந்து பூவாளியால் பதினைந்து நிமிடம் ஊற்றுங்கள். ஆள் உள்ளே இருக்கக் கூடாது, இது முக்கியம். காரணம், புகார் கொடுத்ததும் எங்களுக்கு வந்த முதல் பதில் “அது லீக் இல்ல சார், உங்க மூச்சுக்காத்து”. இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். ஒற்றைத்துணி டென்ட்டில் மூச்சு ஈரம் விடியற்காலையில் கூரை முழுக்கச் சீராக முத்து முத்தாகப் படிவது வழக்கம். கசிவோ தையல் ஓரமாகக் கோடாக இறங்கும், மூலையில் தேங்கும். ஆளில்லாத டென்ட்டில் செய்தித்தாள் நனைந்தால் மூச்சுக்காற்றுக் கதை அங்கேயே முடிந்துவிடும். இதை வீடியோ எடுத்து வையுங்கள்.

டென்ட்டைத் தாங்கும் கம்பி ‘அலுமினியம் ராட்’ என்று போட்டிருந்தது, வந்தது சாம்பல் பெயின்ட் அடித்த ஃபைபர்கிளாஸ். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு துண்டின் முனையைப் பாருங்கள். அலுமினியம் மெல்லிய குழாய், தட்டினால் ணங்கென்று கேட்கும், தொட்டால் குளிரும். ஃபைபரின் முனையில் நார் தெரியும். தடிமனுக்கு வெர்னியர் தேவையில்லை, ஒரு நூலை ஒரு சுற்றுச் சுற்றி அளந்தால் போதும்: 22 மி.மீ. நூல் என்றால் ராட் 7 மி.மீ., சுமார் 27 என்றால் 8.5, கிட்டத்தட்ட 30 என்றால் 9.5. நாலு பேர் டோமுக்கு ஃபைபரில் 8.5-க்குக் குறைந்தால் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இதில் 7. இரும்பு மூட்டு பிடிக்கும் இடத்தில் நீளவாக்கில் பிளந்து, அந்தச் சிம்பு உள்ளங்கையில் ஏறியது. ஃபைபர் சிம்பு கண்ணுக்கே தெரியாது, எடுக்க இரண்டு நாள் ஆகும்.

முளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிள் ஆரம் மாதிரி கம்பி, முதல் கல்லிலேயே வளைந்தது. 18 செ.மீ. ‘Y’ வடிவ அலுமினிய முளை எட்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் ‘0°C’ என்று பெரிய எழுத்து. முறையாகச் சோதித்த பையில் மூன்று வெப்பநிலை இருக்கும்: சுகமாகத் தூங்கக்கூடியது, தாங்கக்கூடிய எல்லை, உயிர் மட்டும் தப்பக்கூடியது. சின்ன விற்பனையாளர்கள் மூன்றாவதைத்தான் முகப்பில் அச்சடிக்கிறார்கள், சிலர் அதையும் கற்பனையாக. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண். அது இல்லையென்றால் தராசில் வையுங்கள். செயற்கைப் பஞ்சில் உண்மையாகவே 0 டிகிரிக்குச் சுகம் தரும் பை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வருவது அரிது. இது 870 கிராம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். இந்தப் பை அதற்குக் காணாது. இதில் இன்னொரு கோளாறு, குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். உடம்பின் எடையில் அமுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது. காற்றடைக்கும் மெத்தை மெத்தென்றிருக்கும், ஆனால் உள்ளே உள்ள காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிடும். அதன்மேல் ஒரு ஃபோம் பாய் விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

பை குளிர் தாங்கவில்லை என்றதும் மனிதர்கள் செய்வது கரி அடுப்பை உள்ளே எடுத்து வருவது. செய்யவே செய்யாதீர்கள், அணைந்த மாதிரி தெரியும் பார்பிக்யூ கரியாக இருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஹேமக்கில் ‘300 கிலோ தாங்கும்’ என்று இருந்தது. துணி தாங்கலாம். கூட வந்தது 6 மி.மீ. பிளாஸ்டிக் கயிறும், எண் பொறிக்காத இரண்டு கொக்கியும். கணக்கைப் பாருங்கள். கட்டு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்தால், 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவை. தொய்வே இல்லாமல் விறைப்பாக, 10 டிகிரியில் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் விறைப்பாகத்தான் கட்டுகிறார்கள், வாழைப்பழம் மாதிரி முதுகு வளையக் கூடாதே என்று. உண்மையில் தொய்வாகக் கட்டிக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராகும். மரங்களுக்கு இடையே நாலரை மீட்டர், மரத்தில் சுற்றும் நாடாப் பட்டை ஆள் உயரத்தில், உட்காரும் இடம் தரையிலிருந்து முழங்கால் உயரம்: இது போதும். கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, குறைந்தது இரண்டரை செ.மீ. அகலப் பட்டையும், தாங்கும் எடை கிலோநியூட்டனில் (‘kN’) பொறித்த கொக்கியும் வாங்குங்கள். கயிறு மரப்பட்டையையும் அறுத்துவிடும். மாடிக் கைப்பிடிச் சுவரிலோ கம்பி வைக்காத செங்கல் தூணிலோ கட்டவே வேண்டாம். பக்கவாட்டு இழுவைக்குக் கட்டிய தூண் அல்ல அது. பெயர்ந்தால் படுத்திருப்பவர் நெஞ்சில்தான் விழும்.

இந்தக் காம்போ விற்கும் இதே ஆட்கள் இப்போது பழைய வேனை ‘மினி கேம்பராக’ மாற்றித் தருகிறோம் என்று முன்பணம் வாங்குகிறார்கள். சீட்டைக் கழற்றிக் கட்டில், கேஸ் அடுப்பு, கூரைமேல் டென்ட். “ஆர்.சி.யில எதுவும் மாத்த வேண்டாம் சார்” என்றும் சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி வண்டி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக இப்படி மாற்றக் கூடாது. 2019-இல் மாற்றி எழுதிய 182A பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி உங்களுடையது என்பதால் இது உங்கள் தலையில். விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். முறையான கேரவனுக்கு AIS-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அந்தச் சான்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கூரை டென்ட் வேண்டுமென்றால் வண்டியின் கையேட்டில் கூரை எடைவரம்பைப் பாருங்கள். சின்னக் கார்களில் 50 கிலோ சுற்றித்தான் இருக்கும், கூரை டென்ட் ஒன்றே 50 முதல் 70 கிலோ. சீட்டைக் கழற்றாமல் பின்சீட்டை மடக்கி ஒரு ஃபோம் மெத்தை போட்டு, ஜன்னலில் கொசுவலை மாட்டினால் செலவு சில ஆயிரம்தான், ஆர்.டி.ஓ. பயமும் இல்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு டென்ட்டை வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். 10 × 12 அடித் தார்ப்பாய் ஒன்றை டென்ட்டுக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு, நடுவில் கயிறு ஓட்டிக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டினால் மழை பெரும்பாலும் நின்றுவிடும். தையலுக்கு, துளைகளை அடைக்கும் பசையான பாலியூரித்தேன் சீம் சீலரை இரண்டு பூச்சுப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கான் இந்தத் துணியில் பிடிக்காது, உரிந்து வரும். கீழே விரிக்கும் ஷீட் டென்ட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, நாலு விரல் உள்ளே மடக்குங்கள். இல்லையென்றால் மேலே வழியும் தண்ணீரையெல்லாம் அதுவே பிடித்து உங்கள் அடியில் கொண்டுவந்து விடும். எங்கள் ‘நடுவில் குட்டை’க்கு இதுவும் ஒரு காரணம், அதை விற்றவர் தலையில் போட முடியாது.

புகார் விஷயம். ஆர்டர் போடும் முன்பே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாங்கள் புகார் கொடுத்த வாரத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ ஆகிவிட்டது. பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்.ஆர்.பி. இவை பெட்டிமேல் இல்லையென்றால் அதுவே தனிப் புகார். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் மல்லுக்கட்டாமல் அந்த அதிகாரியின் மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “ரிட்டன் கெடு முடிந்தது” என்பது அவர்கள் கடைச் சட்டம். சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்ற வழக்கை அது தடுக்காது. எங்கள் புகாரில் 1915-க்குப் பிறகு டென்ட்டுக்கான பணம் மட்டும் திரும்பியது. ஸ்லீப்பிங் பேக்குக்கு “காம்போவில் இலவசம்” என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். காம்போவாக வாங்காதீர்கள் என்று சொல்ல அது ஒன்றே போதுமான காரணம்.

அதே படங்கள் இப்போது வேறு மூன்று பெயர்களில் ஓடுகின்றன, விலை 400 ரூபாய் கூடியிருக்கிறது. அடையாளம் சொல்கிறோம்: புல்வெளியில் ஆரஞ்சு டென்ட், இரண்டாவது படத்தில் கதவு இடப்பக்கம், நாலாவது படத்தில் வலப்பக்கம், எந்தப் படத்திலும் ஒரு இழுகயிறுகூட இல்லை.