ஏர் பிஸ்டலுக்குக் காற்று: கைப்பம்பா, ஸ்கூபா டேங்கா?

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டை) தள்ளுவது சிலிண்டரில் 200 பார் வரை அடைத்த காற்றுதான். பார் என்பது அழுத்த அலகு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். கடலூரில் இருந்துகொண்டு போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு அந்தக் காற்று கிடைக்க வழி இரண்டு: வீட்டில் கைப்பம்ப், இல்லையென்றால் புதுச்சேரி டைவிங் சென்டரில் நிரப்பிவரும் ஸ்கூபா டேங்க். நான் பம்பிலிருந்து டேங்குக்கு மாறியவன், சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டயர் கடைக் கம்ப்ரசர் பத்து பார் அளவிலேயே நின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது. சித்திரை வெயிலில் அழுத்தம் எகிறும். சின்ன எலெக்ட்ரிக் கம்ப்ரசரைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன், வைத்து ஓட்டியதில்லை.

விலையில் பம்ப்தான் மலிவு. பிஸ்டல் சிலிண்டர் சின்னது, அதனால் அடிக்கிற சிரமமும் பெரிதில்லை. ஆனால் அடித்த கையோடு சுடப் போனால் கை நிற்காது, நாடித்துடிப்பு இறங்கும்வரை உட்கார வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஈரம்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் கடற்கரையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். நூறு மில்லி சிலிண்டரை 80 பாரிலிருந்து 200-க்கு ஏற்ற 12 லிட்டர் வெளிக்காற்று போக வேண்டும். அதோடு கிட்டத்தட்ட 0.3 கிராம் தண்ணீரும் பம்புக்குள் வருகிறது. அந்த நூறு மில்லி இடம் ஆவியாக வைத்திருக்கக்கூடியதோ 0.003 கிராம். மிச்சம் எங்கேயாவது தண்ணீராக இறங்கித்தான் ஆக வேண்டும். பம்பின் வடிகால் திருகைத் திறக்கும்போது விரலில் பனியாகத் தெறிப்பது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கை வடிகட்டியில் உள்ள சிலிக்கா ஜெல் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நீல மணிகள் சீக்கிரமே ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். சூடாக்கினால் நீலம் திரும்பும், ஆனால் அது கோபால்ட் உப்பு. சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள். மணிகளைக் கவனிக்காமல் விட்டால் ஈரம் பிஸ்டலின் ரெகுலேட்டருக்கு, அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கும் பாகத்துக்குப் போகும். அதன் ஸ்பிரிங்கும் வால்வும் அரித்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தம் மாறும், பெல்லட் மேலும் கீழுமாக விழும். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஆள் தன் விரலைச் சந்தேகப்பட்டு டிரிகரைத் திருகிக்கொண்டிருப்பார்.

டைவிங் கம்ப்ரசரில் இந்த வேலை மனிதன் சுவாசிப்பதற்காகவே நடந்துவிடுகிறது. தண்ணீரைப் பிரித்து, எண்ணெய் வாடையை எடுத்து, காய்ந்த காற்றாகத்தான் டேங்குக்குள் விடுகிறார்கள். 11 லிட்டர் அலுமினிய டேங்கிலிருந்து மேலே சொன்ன மாதிரி ஒருமுறை ஏற்றினால் டேங்கில் குறைவது ஒரு பார் சொச்சம். ஆனால் டேங்க் இறங்க இறங்க பிஸ்டலிலும் 200 ஏறாது. பிஸ்டல் 160-க்கு வந்தால் பயிற்சிக்குப் போதும், போட்டிக்கு முன் டேங்கை நிரப்பிவிடுவேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. காலி டேங்கே 14 கிலோ. கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டிப் போய்வர வேண்டும், பைக்கில் வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் டேங்க் தாங்குகிறதா என்ற சோதனை) உண்டு. டேங்கின் தோள்பகுதியில் குத்திய சோதனைத் தேதி கெடு கடந்திருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள். பிஸ்டல் சிலிண்டருக்கும் ஆயுள் பொதுவாக 10 வருடம், போட்டியில் அந்தத் தேதியைப் பார்ப்பார்கள்.

ரயிலில் வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பம்பைச் சொல்வேன், புது ஜெல் போட்டு. அப்புறம் ஒன்று: டைவிங் சென்டர் தூரம் என்று வெல்டிங் கடை ஆக்சிஜனை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும்.