பழைய டர்ன்டேபிளும் கிண்ணத்து எண்ணெயும்: ஆறு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டுத் தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முள்ளைத் தாங்கி ரெக்கார்டின்மேல் நகரும் கைதான் டோன்ஆர்ம், அதற்கு வழக்கமான பேரிங் கிடையாது. ஒரே ஒரு கூர்முனைமேல் ஆர்ம் மொத்தமும் நிற்கும். முனையைச் சுற்றிச் சின்னக் கிண்ணம், அதில் தேனைவிடக் கெட்டியான சிலிகோன் எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் தொட்டாலே ஆர்ம் தள்ளாடும்.

வீட்டுக்கு வந்த அன்றே சோதனைதான். விற்றவர் எண்ணெயை எடுக்காமலே பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தார். அது வழிந்து பிளாட்டர் (ரெக்கார்டை வைக்கும் சுழல் தட்டு) விளிம்பு, பெல்ட் எல்லாம் பிசுபிசு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் இழுவிக்கொண்டே போனது. இவ்வளவு கெட்டியான சிலிகோன் அதில் சரியாகக் கரையாது. உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அப்புறம் பெயின்ட் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு உலோகப் பகுதிகளை மட்டும் துடைத்தேன். பெல்ட்டுக்குப் புதியதே வாங்கிவிட்டேன். இப்படிப்பட்ட ஆர்ம் உள்ளதை வாங்குகிறவர்கள், அனுப்பும் முன் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எண்ணெய் விடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. அது இருக்கும்போது ஆர்ம் மெதுவாகத்தான் இறங்கும், எடைக்கருவியில் முள் அழுத்தம் சரியாகத் தெரியும்வரை பொறுமை வேண்டும். நான் காலிக் கிண்ணத்தோடு 1.8 கிராம் வைத்தேன். ஆர்ம் நுனியில் முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை, பிளாட்டர் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்ற இரண்டு இடங்களில் சரிபார்த்தேன். ஒற்றை முனை ஆர்ம் இடமோ வலமோ சாய்ந்து நிற்கும் வாய்ப்பு உண்டு. ஒரு சிறு கண்ணாடித் துண்டின்மேல் முள்ளை இறக்கி, முள்ளும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் வரும்வரை பின்பக்க எடையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒரு மாலை முழுக்கப் போனது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். முதல் தடவை ஆசையில் கிண்ணம் நிறைய விட்டேன். பாடலில் உயிரே இல்லை. துளை சற்று மையம் தப்பிய ஒரு ரெக்கார்டைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். தட்டு இடமும் வலமும் அசைய, ஆர்ம் கூடவே போகாமல் எண்ணெயில் இழுபட்டது. முள் தாங்கும் மெல்லிய தண்டு மட்டும் இரண்டு பக்கமும் வளைந்தது. பதறிப் போய் ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்றில் ஒரு பங்கை எடுத்தேன்.

எண்ணெய் அறவே இல்லாவிட்டாலும் தொல்லைதான். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸில் அதிரும். வளைந்த ரெக்கார்டு அதைத் தூண்டிவிட்டால், ஒலியே கேட்காமல் வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். அதனால் வளைந்த ஒரு ரெக்கார்டை ஓடவிட்டு, வூஃபரைப் பார்த்தபடி துளித்துளியாகச் சேர்த்தேன். வூஃபர் அடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். டிரம்ஸில் வரும் ஹை-ஹாட் தாளத்தின் மினுமினுப்பும் அப்படியே இருந்தது. அந்த அளவைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

இந்த எண்ணெய் ஆவியாகிப் போகாது. தூசிதான் எதிரி. கிண்ணத்தில் விழுந்தது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒவ்வொரு ரெக்கார்டின் கடைசிப் பாட்டிலும் குரல் கரகரத்தது. முள் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கவே இருந்தேன். அதற்கு முன் கிண்ணத்தைக் காலி செய்து பார்த்தால், கூர்முனை உட்காரும் குழியில் துணி நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டேன். பழைய முள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.