சாம்பல் மை தனியாக இருக்கிறதா? வீட்டுப் பிரிண்டரில் மூன்று ஆண்டுக் கறுப்பு வெள்ளை

ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் நடுகல் தேடிப் போய்ப் படம் எடுப்பது என் பழக்கம். இங்கே பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசிப் பூசிக் கல் கருத்துப்போயிருக்கும். வண்ணத்தில் எடுத்தால் மஞ்சளும் குங்குமமும்தான் கண்ணில் படும், வீரன் கையில் இருக்கும் வில் மறைந்துவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் செதுக்கிய கோடுகள் எழுந்து வரும். கருமைக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சின்னச் சாம்பல் வேறுபாடுகள் தாளிலும் வர வேண்டும். பிரிண்டரிடம் நான் கேட்பது இதை மட்டும்தான்.

முதலில் வீட்டில் இருந்தது பையனின் பள்ளி வேலைக்காக வாங்கிய, பாட்டிலிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் நாலு மை டேங்க் பிரிண்டர். ராத்திரி டியூப் லைட்டில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. காலையில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் கல்லெல்லாம் பச்சையடித்திருந்தது. இந்த வகைப் பிரிண்டர் சாம்பல் நிறத்தை நீலம், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும் சாயல் ஏறிவிடும், வெளிச்சம் மாறினால் அந்தச் சாயலும் மாறும். சரி, கறுப்பு மையை மட்டும் வைத்து அடிப்போம் என்று சாதாரணத் தாளில் முயன்றேன். சாயல் போய்விட்டது, ஆனால் வானமும் வெளிர் பகுதிகளும் மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக வந்தன. ஒரே கறுப்பை வைத்து வெளிர் சாம்பல் காட்ட வேண்டுமானால் புள்ளிகளை எட்ட எட்ட வைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

அடுத்து ஆறு மை பிரிண்டர் என்றார்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆறு மை என்றாலே சாம்பல் மை இருக்கும் என்று பொருள் இல்லை. எப்சன் எல் 805 போன்றவற்றில் கூடுதலாக வரும் இரண்டும் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும். முகத்தின் நிறத்துக்கும் வானத்துக்கும் அவை அருமை, கல்லுக்கு அவ்வளவாக உதவாது. அதே ஆறு மையில் எல் 8180 வேறு வகை. அதில் சாதாரணத் தாளுக்கு ஒரு பிக்மெண்ட் (நுண்பொடி மை) கறுப்பு, போட்டோவுக்குத் தனிக் கறுப்பு, தனியாக ஒரு சாம்பல், அப்புறம் மூன்று வண்ணங்கள். ஏ3-ஐவிடச் சற்றுப் பெரிய ஏ3 பிளஸ் தாள் வரை அடிக்கும். கேனான் புரோ 200-இல் எட்டு மை, அதில் சாம்பல், வெளிர் சாம்பல் இரண்டும் உண்டு. எப்சன் பி 700, கேனான் புரோ 300 இரண்டும் முழுக்க பிக்மெண்ட் மை. நீண்ட காலம் நிற்பது அவைதான். ஆனால் அவை கார்ட்ரிட்ஜ் வகை. புரோ 300-இன் ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பது 14.4 மில்லி, எல் 8180-இன் ஒரு பாட்டிலில் 70 மில்லி. கண்காட்சி வைப்பவர், பிரிண்டை விற்பவர் பிக்மெண்டுக்குப் போகலாம். நான் ஊர்க்காரர்களுக்குக் கையில் கொடுப்பதற்காக அடிக்கிறேன், மாதம் முப்பது நாற்பது ஆகிவிடும். அதனால் சாம்பல் மை தனியாக இருக்கும் ஒரு டேங்க் பிரிண்டரை எடுத்தேன்.

முதல் பிரிண்ட் வந்தபோதே வித்தியாசம் தெரிந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வேடியப்பன் கோயில் படத்தை அங்கே பூசை செய்யும் பெரியவரிடம் கொடுத்தேன். வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தவர், "ஏம்பா, சாமி கால்கிட்ட மாடு நிக்குதே, இத்தன வருசமா எண்ண வெக்கிறேன், எனக்குத் தெரியலியே" என்றார். ஆநிரை மீட்டு இறந்த வீரனின் கல் அது. பழைய பிரிண்டரில் அதே படத்தை அடித்திருந்தேன். அந்த இடம் வெறும் கறுப்பாகத்தான் வந்திருந்தது.

அதற்காக வாங்கியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் பிரிண்டெல்லாம் இருட்டாகவே வந்தது. கோளாறு என் கணினித் திரையில். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தியிருக்கிறேன். திரை வெளிச்சத்தை அரைவாசிக்கும் கீழே குறைத்ததும் திரையும் தாளும் ஒத்துப்போயின. இன்னொரு வேலையும் செய்யுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் உள்ள ஒரு சாம்பல் பட்டையை, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு தாளிலும் அடித்துப் பாருங்கள். என்னிடம் மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத தாளில், கடைசி மூன்று படிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பளபளப்புத் தாளில் கடைசி ஒன்றுதான் கலந்தது. அதனால் மேட்டில் அடிக்கும் படத்துக்கு நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டே அனுப்புகிறேன். பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையைச் சரியாகச் சொல்வதும் முக்கியம். எவ்வளவு மை விட வேண்டும் என்பதை அது அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

தாள்தான் இங்கே பெரிய பாடு. தருமபுரியில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 180, 230 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) பளபளப்புத் தாள். ஆல்பத்துக்குப் போதும், சட்டம் போட்டால் கண்ணாடியோடு சேர்ந்து மினுங்கும். எனக்குப் பிடித்தது அரைப் பளபளப்பு, அதாவது சாட்டின், 260 ஜிஎஸ்எம். பெங்களூரிலிருந்து கூரியரில் வரவழைக்கிறேன். பருத்தித் தாளிலும் அடித்தேன். தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அதுவும் மேட்தான், மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. எண்ணெய் படிந்த கல்லுக்கு அந்த ஆழம் வேண்டும்.

இரண்டாம் ஆண்டு கோடையில் ஏழு வாரம் பிரிண்டரைத் தொடவே இல்லை. மின்விசிறிக் காற்றும் ஏப்ரல் வெயிலும் சேர்ந்து சாம்பல் மையின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டன. படத்தில் கோடு கோடாக வந்தது. மூன்று முறை ஹெட் கிளீனிங் (மைத் துளைகளைச் சுத்தம் செய்யும் வேலை) போட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மறுபடி ஒருமுறை போட்டதும் சரியானது. போன மை போனதுதான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை எல்லா மையும் ஓடும்படி ஒரு சின்னப் படமாவது அடித்துவிடுகிறேன், மேலே ஒரு துணியும் போட்டு வைக்கிறேன். கிளீனிங்கில் வடியும் மை போய்ச் சேரும் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதில் முடிகிறது, இதுவரை ஒருமுறை மாற்றினேன்.

நிறம் நிற்பதைப் பற்றி ஒன்று. என்னுடையது போட்டோ தாளில் டை மை, அதாவது கரைந்த சாய மை. வெளிச்சமும் காற்றும் அதைக் கரைக்கும். அந்தப் பெரியவர் படத்தைக் கோயில் சுவரில் அப்படியே ஒட்டிவிட்டார். இரண்டு ஆண்டில் விளக்குப் புகையும் வெயிலும் பட்டுச் சாம்பலெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. அதே நாளில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடி போட்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டிய படம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மாறியதாகத் தெரியவில்லை. போன மாதம் அவருக்குப் புதிதாக ஒன்று அடித்து, சட்டம் போட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை சாட்டின் தாள், மாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.