மொட்டை மாடிக் காற்றாலைக்கான சாத்தியக்கூறு ஆய்வு: கட்டணம் கட்டிப் பெற்ற அனுபவம்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து சேரும் ஊரில் வீடு இருப்பதாலும், முப்பந்தல் காற்றாலைகளைப் போகவர பார்த்துக்கொண்டே இருப்பதாலும், மாடியில் 1 கிலோவாட் காற்றாலை ஒன்று வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவற்றை விற்கும் நிறுவனம் ஒன்று கட்டணத்துக்கு இட ஆய்வும் செய்து தருவதாக அறிந்து, கடந்த ஆடி மாதம் அழைத்தேன்.

வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் கைப்பிடிச் சுவரருகே நின்று கையடக்கக் காற்றுமானியால் அரை மணி நேரம் அளந்ததோடு ஆய்வு முடிந்துவிட்டது. அந்த ஆடிக் காற்றின் வேகமே ஆண்டு முழுவதும் வீசும் என்று வைத்துக்கொண்டு, மின் உற்பத்தியைக் கணக்கிட்டு அறிக்கை தந்தார்கள்.

இது சிறிய பிழையன்று. காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் ஆற்றல் இருபத்தேழில் ஒரு பங்காகிவிடும் என்பதால், விநாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1,000 வாட் தரும் இயந்திரத்திடம் 4 மீட்டர் காற்றில் சுமார் 37 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. பிரிட்டனில் 26 கட்டடக் காற்றாலைகளை அளந்து 2009-இல் வெளியான வார்விக் ஆய்வும், உற்பத்தி முன்கணிப்பைவிட மிகக் குறைவாக இருந்ததையே காட்டியது. காற்றாலைகள் நன்றாகச் சுழன்ற உயரமான கட்டடங்களில்கூட, குடியிருப்போர் இரைச்சலைப் பொறுக்காமல் அவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது.

அறிக்கையில் மனம் ஒப்பாமல், மூங்கில் கழியொன்றில் ஓரடிக்கு ஒன்றாகத் துணிநாடாக்களைக் கட்டி மாடியில் நட்டுப் பார்த்தேன். உச்சியிலிருந்த நாடாக்கள் கிழக்கு நோக்கி நேராக நீண்டு பறக்க, சுவர் உயரத்தில் இருந்தவை சுருண்டு, சில வேளை காற்று வரும் திசைக்கே திரும்பின. தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுத் தென்னைகளும் காற்றை அவ்வளவு குலைத்திருந்தன. அவர்கள் காற்றாலைக்குக் குறித்துக் கொடுத்த இடமோ தொட்டிக்குச் சரியாகக் கிழக்கே இருந்தது. அதிர்வைத் தளம் தாங்குமா, போல்ட் இறக்கும் இடத்தில் தட்டோடு விரிசல் கண்டு மழைநீர் இறங்குமா என்பவை பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது ஓர் ஆண்டுக்கு, இறக்கை சுழலப்போகும் உயரத்திலேயே கம்பம் நட்டு, வேகத்தைத் தானே பதிவு செய்யும் கருவியைப் பொருத்தித் தருபவர்களிடம் மட்டுமே பணம் கொடுங்கள். நானே அப்படியொரு கருவியை வாங்கி ஐப்பசியில் பொருத்தினேன். கார்த்திகையில் பல இரவுகள் காற்று 3 மீட்டரைத் தொடவில்லை; அந்த வேகத்தில் இறக்கை அசையத் தொடங்குவதே அரிது. அடுத்த ஐப்பசி வரை பதிவு தொடரும், அதுவரை முன்பணம் கட்டுவதாக இல்லை.