காளான் குடிலில் எஸ்ஹெச்டி31: உப்புக்கும் ஆஃப்செட்டுக்கும் நடுவில்

வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்ஹெச்டி31 சென்சார் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று காளான் வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதியே வைக்கிறேன். ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டு, அதை ஓட்டும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள், இந்த சென்சார் மூன்றும் எங்கள் சிப்பிக் காளான் குடிலில் நெடுநாளாக ஓடுகின்றன. விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: வெப்பநிலையில் 0.2 டிகிரி, ஈரப்பதத்தில் 2 சதவீதம் வரை பிசகலாம். டிஹெச்டி22 என்ற பழைய சென்சாரில் அவதிப்பட்டவர்களுக்கு இது நிம்மதி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டையெல்லாம் ஆஃப்செட் என்ற ஒற்றை வரியோடுதான், அதாவது சென்சார் காட்டும் எண்ணில் ஒரு நிலையான அளவைக் கூட்டுவது அல்லது கழிப்பது.

போர்டில் வைஃபை ஓடும்போது சூடு வரும். பக்கத்திலேயே ஒட்டி வைத்த சென்சார் அந்தச் சூட்டையும் சேர்த்து அளக்கும். உடனே ஈஎஸ்பிஹோமின் அமைப்புகள் இருக்கும் யாமல் கோப்பில் 2 டிகிரி கழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதுவார்கள். பலரும் பகிரும் கோப்புகளில் இதைப் பார்க்கலாம். வெப்பநிலை சரியாகிவிடும். ஈரப்பதம்? அது அப்படியே தப்பாக நிற்கும். குடிலில் உண்மையில் 26 டிகிரி, 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சென்சார் மட்டும் 28 டிகிரிக்குச் சூடாகியிருந்தால், அதே காற்றை அது 76 சதவீதம் என்றுதான் சொல்லும். சூடு கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவியும் கூடும், அதனால் சதவீதம் இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. திரையில் 26 டிகிரி, 76 சதவீதம் என்று ஜம்மென்று தெரியும். மோட்டாரை இயக்கும் சுவிட்சான ரிலே அதை நம்பித் தெளிப்பு மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். படுக்கையில் தண்ணீர் கோத்து மொட்டுகள் மஞ்சளாகும்.

சரி, ஈரப்பதத்துக்கும் 9 கூட்டிவிட்டால்? 85-இல் பொருந்தும், 60-க்கு இறங்கினால் ஏழுக்கும் குறைவாகத்தான் கூட்ட வேண்டும். இது கூட்டல் கணக்கே இல்லை, பெருக்கல் கணக்கு. காற்று எந்தச் சூட்டில் எவ்வளவு நீராவி தாங்கும் என்று சொல்லும் மேக்னஸ் சூத்திரத்தை, கோப்பிலேயே நாம் எழுதும் குட்டி நிரலான லாம்ப்டாவில் எழுதி இரண்டையும் சேர்த்துத் திருத்தலாம், செய்தும் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் அதைவிட நல்ல வைத்தியம், சென்சாரை ஓரடி ஒயரில் போர்டைவிட்டுத் தள்ளித் தொங்கவிடுவது. நியாயமாகப் பார்த்தால் மென்பொருளைக் குறை சொல்லக்கூடாது. அதற்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் தனித்தனி எண்கள், சொன்னதைச் செய்கிறது. நமக்குத்தான் ஒரு வரியில் வேலை முடிய வேண்டும்.

இப்போது சந்தோஷமான விஷயம்: சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க உதவும் உப்பு. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்து போகக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவுக்குள் மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து இரவு முழுக்க விடுங்கள். 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் 75.3 சதவீதத்தில் வந்து நிற்கும். 30 டிகிரியானாலும் 75.1 தான். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான்; காற்றின் ஈரம் ஏறக்குறைய 75-ஐத் தாண்டினால் உப்பு தண்ணீர் விடும். கல் உப்பு மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் மெக்னீசியம் உப்புகள் எண்ணைக் கீழே இழுத்துவிடும். போர்டையும் டப்பாவுக்குள் அடைக்காதீர்கள், மறுபடி அதே சூட்டுக் கதைதான்.

காளானுக்கு 75 மட்டும் பத்தாது என்பதால் இரண்டாவது சோதனைப் புள்ளிக்கு அதே மாதிரி பொட்டாசியம் குளோரைடு வைத்தேன். 25 டிகிரியில் 84.3. சென்சார் காட்டிய எண், உண்மையான எண் என்று இரண்டு ஜோடிகளையும் ஈஎஸ்பிஹோமில் இருக்கும் காலிப்ரேட் லீனியர் என்ற திருத்தும் வடிகட்டியில் கொடுத்தால் கோடு போட்டுத் திருத்திக்கொள்கிறது. காசு கேட்காத மென்பொருளில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இத்தனையும் செய்து குடிலில் மாட்டினால், எண் மெல்ல மேலே நகர்கிறது. சென்சார் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளிலேயே இருக்கிறது: 80 சதவீதத்துக்கு மேல் 60 மணி நேரம் வைத்தால் 3 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டலாம், இயல்பான காற்றுக்கு வந்தால் மெல்லத் திரும்பும். அதாவது இந்தச் சில்லுக்குப் பிடித்த இடம் 20 முதல் 80 வரை. காளானுக்குப் பிடித்த இடம் அதற்கு மேலே. நகர்ந்த நிலையில் உப்பு வைத்துக் காலிப்ரேஷன் (எண்ணைத் திருத்துவது) செய்தால், சென்சார் காய்ந்து பழைய நிலைக்கு வந்ததும் நம் திருத்தமே பிழையாகிவிடும். நாய் வாலைத் துரத்துகிற மாதிரி.

ஆக, வாங்கலாமா? இன்றைக்கு இருக்கிற எரிச்சலில் சொல்கிறேன், வேண்டாம். ஈர உலர் வெப்பமானி (இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் முனையில் ஈரத் திரி; இரண்டுக்குமான வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம் கிடைக்கும்) ஒன்றைக் குடிலில் விசிறிக் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள், திரி காயாமல் பாருங்கள், அட்டவணையில் எண்ணைப் பாருங்கள், போதும். அது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டாரை ஓட்டாது என்பது வேறு விஷயம். அதனால்தான் என்னுடையதைக் கழற்றவில்லை. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று குடிலில் இருக்கும்போது மற்றொன்று வெளியே காயட்டும். அப்புறம், ஒயர் நீளமாகக் கேளுங்கள்.