ஒரே மெஷினில் நான்கு அப்பாச்சி: வெர்ச்சுவல் ஹோஸ்ட்டா, தனி இன்ஸ்டன்ஸா, கண்டெய்னரா?

அப்பாச்சி என்ற வெப் சர்வரை வைத்து ஒரு மெஷினில் நான்கு இணையதளங்களை ஓட்ட வேண்டும் என்று கேட்டால் யாரும் முதலில் சொல்வது வெர்ச்சுவல் ஹோஸ்ட்தான், அதாவது ஒரே அப்பாச்சிக்குள் பல தளங்களை வைப்பது. நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இப்போது அதே மெஷினில் நான்கு அப்பாச்சி இன்ஸ்டன்ஸ்கள், தளத்துக்கு ஒன்றாக, தனித்தனியாக ஓடுகின்றன; முன்னால் வருகைகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்க என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர். மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எல்லோருக்கும் இது தேவைப்படாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெர்ச்சுவல் ஹோஸ்ட்டின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடரில் உள்ள தளப் பெயரைப் பார்த்து எந்தத் தளம் என்று அப்பாச்சி முடிவு செய்கிறது. ஒரு காலத்தில் ஹெச்டிடிபிஎஸ் வேண்டுமென்றால் தளத்துக்கு ஒரு ஐபி தேவைப்பட்டது. 2009-இல் 2.2.12 பதிப்பில் எஸ்என்ஐ வசதி (இணைப்பின் தொடக்கத்திலேயே பிரவுசர் தளத்தின் பெயரைச் சொல்வது) வந்ததும் அந்தத் தொல்லையும் போனது. மெமரி குறைவு, கான்ஃபிக் ஒரே இடத்தில். உங்களிடம் இருப்பவை வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் என்றால் இதிலேயே இருந்துவிடுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், வெர்ச்சுவல் ஹோஸ்ட் பிரிப்பது பெயரை மட்டும்தான். உள்ளே எல்லாவற்றையும் நடத்தும் தாய் ப்ராசஸ் ஒன்று, வரும் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வொர்க்கர் கூட்டமும் ஒன்று. எத்தனை வொர்க்கர் என்று வரம்பு வைக்கும் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸை ஒரு தளத்துக்கு மட்டும் தனியாக வைக்க முடியாது. ஒரு கோரிக்கைக்கு ஒரு ப்ராசஸ் என்று ஓடும் ப்ரீஃபோர்க் முறையில் அது இயல்பாக 256. என் தளங்களில் ஒன்றில் மாதக் கடைசியில் கனமான ரிப்போர்ட் ஒன்று ஓடும். பக்கம் வரவில்லையே என்று ஆட்கள் திரும்பத் திரும்பக் கிளிக் செய்வார்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு வொர்க்கரைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் 256-ம் அங்கேயே மாட்டிக்கொண்டன. மற்ற மூன்று தளங்களும் பிழைச் செய்திகூடக் காட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தன. சரி, வரம்பை உயர்த்தலாம் என்றால் அதற்கும் மேல்வரம்பான சர்வர்லிமிட்டையும் உயர்த்த வேண்டும். அந்த மாற்றம் ரீலோடில், அதாவது ஓடும்போதே கான்ஃபிக்கை மறுபடி படிக்க வைப்பதில், ஏறாது; முழுவதும் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஒரு தளத்துக்காக நான்கும் கீழே.

இன்னொரு முறை புதுப்பித்த ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழுக்குப் பக்கத்தில் வேறொரு சான்றிதழின் சாவியை வைத்துவிட்டேன். கான்ஃபிக் சோதனை 'சின்டாக்ஸ் ஓகே' என்றது. நம்பி ரீலோட் கொடுத்தேன். தாய் ப்ராசஸே வெளியேறிவிட்டது. அந்தச் சோதனை எழுத்திலக்கணத்தைத்தான் பார்க்கிறது, சாவியும் சான்றிதழும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்லை. அன்றிலிருந்து எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை ரீஸ்டார்ட் செய்தால் கூடவே எதெது விழும்?

தனி இன்ஸ்டன்ஸில் அதற்குப் பதில் எளிது. டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் இதற்கென்றே செட்டப்-இன்ஸ்டன்ஸ் என்ற சிறு ஸ்கிரிப்ட் அப்பாச்சி பேக்கேஜின் எடுத்துக்காட்டுகளோடு வருகிறது. பெயர் கொடுத்தால் தனி கான்ஃபிக் ஃபோல்டர், தனி லாக் ஃபோல்டர், தளத்தை இயக்கவும் நிறுத்தவும் தனிக் கட்டளைகள் எல்லாம் உருவாகிவிடும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ஒவ்வொன்றும் தனி சர்வீஸ். அதனால் மெமரிக்கும் சிபியூவுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கலாம். ரிப்போர்ட் தளத்துக்கு நான் முதலில் செய்தது அதைத்தான்.

கையால் அமைப்பவர்கள் போர்ட், லாக், ரன்டைம் ஃபோல்டர், பிஐடி ஃபைல் (ஓடும் ப்ராசஸின் எண் இருப்பது) எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். போர்ட் மோதினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று அப்பாச்சியே கத்திவிடும். பிஐடி ஃபைல் அப்படியில்லை. இரண்டுக்கும் ஒன்றையே காட்டினால் ஒன்றை நிறுத்தப் போய் மற்றதை நிறுத்துவீர்கள். அப்புறம், யூசரையும் மாற்றுங்கள். எல்லா இன்ஸ்டன்ஸும் ஒரே யூசரில் ஓடினால், ஒரு தளத்துக்குள் புகுந்தவன் பக்கத்துத் தளத்தின் ஃபைல்களையும் படிப்பான்.

செலவு இல்லாமல் இல்லை. வொர்க்கர் எண்ணிக்கையைப் பங்கு போட வேண்டும்; நான்கிலும் 256 என்று விட்டால் மெமரி தாங்காது. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட் ஒன்றுதான் என்பதால் முன்னால் வாங்கிக் கொடுக்கும் ஒரு ப்ராக்ஸி வேண்டும்; எனக்கு அது அந்த என்ஜின்எக்ஸ். அது வந்ததும் லாகில் எல்லா வருகையும் 127.0.0.1, அதாவது அதே மெஷின், என்றே பதிவாகும். ரிமோட்ஐபி மாட்யூலைப் போட்ட பிறகுதான் உண்மையான முகவரி தெரியும். அந்த ப்ராக்ஸி விழுந்தால் நான்கும் விழும், மறுக்கவில்லை. ஆனால் புதிய கான்ஃபிக் தவறாக இருந்தால் என்ஜின்எக்ஸ் ரீலோடை ஏற்காமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். சொல்லப்போனால், சான்றிதழ்ச் சிக்கலைத் தீர்த்தது இன்ஸ்டன்ஸ் இல்லை, இந்த என்ஜின்எக்ஸ்தான்.

யூசரைப் பிரிப்பது மட்டும்தான் உங்கள் கவலை என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டாம். பிஹெச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம்மில் தளத்துக்கு ஒரு பூல், அதாவது தனி யூசரில் ஓடும் ஒரு ப்ராசஸ் கூட்டம், வைத்தால் போதும். மெதுவான பக்கத்துக்காகக் காத்திருக்கும் அப்பாச்சி வொர்க்கர் மட்டும் அப்போதும் மாட்டிக்கொண்டுதான் நிற்கும்.

கண்டெய்னரை, அதாவது தளத்தையும் அதற்கு வேண்டிய மென்பொருளையும் ஒரே பொதியாக அடைத்து ஓட்டும் முறையை, நான் ஒரே ஒரு சிறு தளத்துக்குத்தான் டாக்கரில் ஓட்டியிருக்கிறேன். பெரிதாகத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. தளத்துக்குத் தளம் வேறு வேறு பதிப்பு வேண்டுமென்றால் அதுதான் வழி, ஏனென்றால் என் நான்கு இன்ஸ்டன்ஸும் ஒரே அப்பாச்சி பைனரியை (நிரல் ஃபைலை)த்தான் ஓட்டுகின்றன. ஆனால் பராமரிப்பில் அதே ஒரே பைனரிதான் எனக்குச் சாதகம். 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் வெளிவந்தது போல ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான குறியாக்கத்தைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால், எனக்கு ஒரு அப்டேட், பிறகு ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட். கண்டெய்னரில் ஒவ்வொரு இமேஜையும், அதாவது அந்தப் பொதியின் மூலத்தையும், திரும்பக் கட்ட வேண்டும். அதைத் தானாக நடக்கும்படி செய்து வைத்திருக்கும் குழுவுக்கு இது பொருட்டே இல்லை. நான் ஒற்றை ஆள்.

ரிப்போர்ட் தளம் மாதக் கடைசியில் இன்னும் திணறுகிறது. அந்த ரிப்போர்ட்டையே ஒழுங்காக மாற்றி எழுதியிருந்தால் இதில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும், அதற்குத்தான் நேரம் வாய்க்கவில்லை. திணறும்போது அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்கிறேன். மற்ற மூன்றுக்கும் அது நடந்ததே தெரிவதில்லை.