கேம்டிக்: பல வருடப் பழக்கத்துக்குப் பின்

நண்பர்கள் வட்டத்தின் கேம் சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டும் சின்ன பாட் (தானாக ஓடும் நிரல்) ஒன்றைப் பல வருடங்களாக கேம்டிக் லைப்ரரியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். கேம் சர்வர்களிடம் விவரம் கேட்டு வாங்கித் தரும் நிரல் தொகுப்பு இது. நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் தளம்) தெரிந்தால் போதும். கேமின் பெயரையும் ஐபி முகவரியையும் கொடுத்தால் மேப், பிங் (பதில் வர ஆகும் நேரம்), ஆட்டக்காரர் பட்டியல் எல்லாம் வந்துவிடும். 300க்கும் மேற்பட்ட கேம்களுக்கு ஒரே வடிவத்தில் பதில்.

இதன் அருமை உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். உதாரணத்துக்கு ரஸ்ட் என்ற கேம். அதன் சர்வர் பதில் சொல்வது வால்வ் நிறுவனத்தின் நெறிமுறையில். அதில் ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு ஒரே ஒரு பைட். 255க்கு மேல் அதில் எழுத வழியில்லை. அதனால் ரஸ்ட் சர்வர் உண்மையான எண்ணை டேக்குகளுக்கு (சர்வரைப் பற்றிய குறிச்சொற்களுக்கு) நடுவே 'சிபி' என்ற இரண்டு எழுத்தை ஒட்டி அனுப்புகிறது. கேம்டிக் அதைத் தேடி எடுத்துத் தருகிறது. அதேபோல 2020 கடைசியில் வால்வ், போலி முகவரியில் கேட்டு அடுத்தவர் தலையில் பெரிய பதிலைக் கொட்டும் தாக்குதலைத் தடுக்க, சர்வர் விவரக் கேள்விக்கும் சேலஞ்ச் எண் (கேட்டவர் திருப்பி அனுப்பிக் காட்ட வேண்டிய எண்) ஒன்றைக் கொண்டுவந்தது. சொந்தமாக கோடு எழுதியிருந்தால் உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டும். எனக்கு வெர்ஷனை ஏற்றியதோடு சரி.

ஆனால் சர்வர் சொல்வதைத்தான் இதுவும் சொல்லும். சிஎஸ்கோவில் (கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்) ஆட்டக்காரர்களின் முழுப் பட்டியல் வேண்டுமென்றால் சர்வர் அமைப்பில் 'ஹோஸ்ட் பிளேயர்ஸ் ஷோ' மதிப்பை 2 ஆக்க வேண்டும். மைன்கிராஃப்டில் பெயர்ப் பட்டியல் இருக்கிற இடத்தில் சிலர் விளம்பர வரியைப் போட்டு வைக்கிறார்கள். பாட் அதையும் ஆட்டக்காரர் என்று அப்பாவியாகக் காட்டும்!

பெரும்பாலும் யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத அனுப்பு முறை) என்பதால் பாக்கெட் தொலைவது சகஜம். ஒருமுறை பதில் வராததை வைத்து 'சர்வர் படுத்துவிட்டது' என்று அறிவிக்காதீர்கள். மறுமுயற்சி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ரஸ்ட், ஆர்க் போன்றவற்றில் விளையாடும் போர்ட் வேறு, கேள்வி கேட்கும் போர்ட் வேறாக இருக்கலாம். ஃபயர்வாலில் இரண்டாவதைத் திறக்க மறந்தால் சர்வர் நன்றாக ஓடும், பாட் மட்டும் ஒப்பாரி வைக்கும்.

ஐந்தாம் வெர்ஷனில் பல கேம்களின் அடையாளப் பெயர்கள் மாறின. பழைய பெயர்களையும் ஏற்கும் விருப்பம் இருக்கிறது, இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

பிஎச்பி மொழியில் எழுதுபவர்களுக்கு இதே வேலைக்கு கேம்கியூ லைப்ரரி இருக்கிறது. பைத்தானில், அதுவும் வால்வ் சர்வர்கள் மட்டும்தான் என்றால், பைத்தான் ஏ2எஸ் என்ற சின்ன லைப்ரரி போதும். இத்தனை பெரிய மூட்டை தேவையில்லை.